மூணு தட்டு

ஜனவரி 22, புதன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல என் மகள் விமலா எழுதுகிறாள். தபால் ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். "நீ பேசுற மாதிரியே எழுதுனா எவனுக்கும் புரியாது நைனா, நான் நல்ல தமிழ்லதான் எழுதுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எப்படியோ எழுதட்டும், விஷயம் மாறக் கூடாது.

இது எதற்கு என்றால், என் மகன் கருணாகரனைப் பற்றி ஒரு புத்தகம் வரப் போகிறது. கரன் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். 'உலை' என்று ராக் பேண்டு வைத்திருக்கிறான், லண்டன், ஜப்பான் எல்லாம் போய்ப் பாடியவன். பேண்டுக்கு இருபத்தைந்து வருடம் ஆவதால் பிப்ரவரி எட்டாம் தேதி தீவுத்திடலில் பெரிய கச்சேரி. அதுவரை அவன் கொருக்குப்பேட்டையில் எங்களோடு இருக்கப் போகிறான். புத்தகம் எழுதும் சுபாஷினி அம்மா வந்து இந்த டைரியைக் கொடுத்து, "ஐயா, அவர் இருக்கிற நாள்ல தினமும் நடக்கிறதைச் சொல்லி எழுதி வைங்க. பழைய கதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்கள்.

எனக்கு எண்பத்திரண்டு வயது. பழையது எல்லாம் தேதியோடு ஞாபகம் இருக்கிறது. அதுதான் என்னோடு இருக்கும் தொந்தரவு.

ஜனவரி 23, வியாழன்

காலை ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தான். பம்பாயில் மருமகள் ரீத்து சாப்பாடு போடுகிறாளா இல்லையா என்று கேட்கிற அளவுக்கு இளைத்திருக்கிறான். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ஜட்கா மேஸ்திரியின் பேரன் பேத்தி எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கருணா மேடையில் வெறுங்காலோடுதான் நிற்பான். ஏழெட்டு வருடமாக அப்படி. அது ஒரு ஸ்டைல் என்று அவனைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுகிறார்கள். கச்சேரி முடிந்தால் மைதானம் முழுக்க ஜோடி பிரிந்த செருப்பாகக் கிடக்கும் என்று விமலா சொல்லுவாள்.

எனக்குக் காது கேட்காது. மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அது கூவுகிறது, கழற்றி வைத்துவிட்டேன். வாய் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கத்துவார்கள். கத்தினால் வாய் கோணிவிடும், ஒன்றும் புரியாது. இவன் கத்தவில்லை. முன்னால் உட்கார்ந்து, முகத்தை நேராக வைத்து, நிதானமாக "எப்டிகீற நைனா?" என்றான். 

நல்ல பிள்ளை.

ஜனவரி 25, சனி

சுபாஷினி அம்மா போன் செய்தார்களாம். 'மூணு தட்டு' பாட்டு பிறந்த கதைதான் புத்தகத்துக்கு முதல் அத்தியாயம், அதை ஐயா வாயால் கேட்டு எழுது என்று விமலாவிடம் சொல்லியிருக்கிறார்கள். சொல்கிறேன்.

நான் பாய்லர் பட்டறையில் வேலை பார்த்தவன். பழைய பாய்லர் ரிப்பேருக்கு வரும். ஒருத்தன் துளை வழியாக உள்ளே போய் உட்கார்ந்து இரும்புக்கட்டியை ஆணிமேல் முட்டுக் கொடுப்பான். வெளியே இருக்கிறவன் சம்மட்டியால் அடிப்பான். அந்தச் சத்தத்தில் பேச்செல்லாம் நடக்காது. உள்ளே இருப்பவன் சுத்தியலால் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் அடி. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் மூச்சு முட்டுகிறது, என்னை வெளியே எடு. அவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மூன்று தட்டுக் கேட்டால் சம்மட்டியைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும்.

ஆரோக்கியம் உள்ளே, நான் வெளியே. பன்னிரண்டு வருடம் அப்படித்தான் ஜோடி. 1984 மே மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. அன்று பட்டறையைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஆரோக்கியம் மூன்று தட்டுத் தட்டினான். எனக்குக் கேட்டது. முதலாளி நிறுத்த விடவில்லை. இன்ஸ்பெக்டர் நிற்கும்போது வேலை நிற்கக் கூடாது, அடி என்றார். ஆரோக்கியம் செத்துப் போனான்.

கருணாவுக்கு அப்போது ஏழு வயது. நான் வீட்டில் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறான். பத்தொன்பது வருடம் கழித்துப் பாட்டாக வந்தது. "கேட்டும் கேக்காத காது, யாரு காது?" என்று இவன் கேட்பான். கூட்டம் மொத்தமும் "மொதலாளி காது!" என்று கத்தும். அதில்தான் அவன் பெரிய ஆள் ஆனான்.

இவ்வளவுதான் கதை. விமலா, போதும், மூடு.

ஜனவரி 26, ஞாயிறு

கறிக்குழம்பு. வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 29, புதன்

இன்று ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். பாமாயில் வரவில்லை.

கருணா ஹாலில் சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருகிறான். வாசலும் அடுப்படியும் இரண்டும் தெரிகிற இடம். முதல்நாளிலிருந்தே அந்த இடம்தான். நானும் முப்பது வருடமாக அங்கேதான் உட்காருவேன். இப்போது எனக்கு இடம் இல்லை.

காலையில் அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது விமலா பின்னாலிருந்து ஏதோ கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. பக்கத்தில் வந்து முகத்துக்கு நேராகக் குனிந்ததும் "ஆமா யக்கா" என்றான். அவள் கேட்டது காபியா டீயா என்று. 

"பெரிய ஆளு ஆயிட்டான் நைனா. கூப்ட்டா திரும்பக்கூட மாட்றான்" என்று என்னிடம் வந்து புலம்பினாள்.

"பாட்டு யோசனையா இருப்பான்" என்றேன்.

ரோஷன் வந்தான். கருணாவின் மேனேஜர். நல்ல பையன், நாற்பது வயது இருக்கும், என்னை அங்கிள் என்பான். ஏதோ ஜோக் சொன்னான். விமலா சிரித்தாள், கருணாவும் சிரித்தான். விமலா சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அரை நொடிதான் வித்தியாசம். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். 

மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்டவாளம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 1, சனி

ஒரு விஷயம் விமலாவிடம் சொல்லாமல் இருந்தேன், இன்று எழுதச் சொல்கிறேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா.

காலையில் கருணா மாடியில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தான். துணி எடுக்க ஏறினேன். கித்தாரின் தலைப்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு வாசிக்கிறான். கண் மூடியிருந்தது. நான் வந்தது தெரியவில்லை. ஒரு கை தந்தியில், வாய் மரத்தில்.

அப்படியே இறங்கி வந்துவிட்டேன். துணி எடுக்கவில்லை.

விமலா கேட்கிறாள், "அப்டி வாசிச்சா இன்னா நைனா? அதுவும் ஸ்டைலா இருக்கும்." 

காது போனவனுக்கு எலும்பு வழியாகக் கேட்கும். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கிறாள். வயதானால் தெரியும்.

பிப்ரவரி 3, திங்கள்

ரெண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. அவனும் நானும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துக்கொண்டு. விமலா மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்துகிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அவன் குளிக்கப் போனபோது போன் அடித்தது. ரீத்து. விமலா எடுத்துப் பேசினாள். பேசி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் வூட்ல போனே எடுக்கறதில்லையாம். எல்லாம் மெசேஜுதானாம். ரீத்து பேசுனா எழுந்து போயிடறானாம். வேற பொம்பள சகவாசமோன்னு அழுவுறா நைனா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எதற்குக் கோபம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது.

இந்தப் பெண் ரீத்துவின் இடத்தில் என் சம்சாரத்தை வைத்துப் பார்த்தேன். பாக்கியம் 1982-லிருந்து இதே சந்தேகத்தோடு இருந்தாள். அவளும் அழுதாள். சாகும்வரை அவளிடம் சொல்லவில்லை. எண்பத்திரண்டில் எனக்கு முப்பத்தொன்பது வயது. வயதானதால் காது போயிற்று என்றுதான் இந்த வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள். கோடு போட்டு அடிக்கவும் மாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 6, வியாழன்

ரோஷன் கார் அனுப்பினான். தீவுத்திடலில் மேடையைப் பார்க்க என்னையும் விமலாவையும் அழைத்துப்போனார்கள். இரண்டு மாடி உயரம். மேடையின் முன்விளிம்பில் வரிசையாகப் பன்னிரண்டு குழாய். பாட்டு நடுவில் அதிலிருந்து நெருப்பு மேலே எழும்புமாம். ஆள் உயரத்துக்கு மேல். டிரம்ஸ் அடிக்கு அடி கணக்கு. டிரம்ஸ்காரன் எட்டாவது அடி அடிக்கும்போது கருணா பலகையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்துவிட வேண்டும், அடுத்த அடிக்கு நெருப்பு.

ஒத்திகை பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் வெறுங்காலோடு செய்தான். பலகை மேடை. ஏழு, எட்டு, சரியாகப் பின்னால் வந்துவிட்டான். கைதட்டினார்கள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். கால் விரல் பத்தும் பலகையை அழுத்திக்கொண்டு இருந்தது. டிரம்ஸ் அதிர்வது அவனுக்கு அங்கேதான் கேட்கிறது. ஸ்டைலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு தீயணைப்பு ஆபீசர் வந்து பார்த்தார். நெருப்பு இருக்கிற மேடையில் வெறுங்காலோடு யாரும் நிற்கக் கூடாது, ஷூ போட வேண்டும், பலகைமேல் ரப்பர் விரிப்பு போட வேண்டும், அப்போதுதான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ரோஷன் தலையாட்டினான். தடித்த ஷூ ஒன்று கொண்டுவந்தார்கள். கறுப்பு ரப்பரை உருட்டி விரித்தார்கள்.

கருணா ஷூவைப் போட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

"நெருப்பு இல்லாம ஒரு தரம்" என்று ரோஷன் கை காட்டினான். ஏழு, எட்டு. கருணா கோட்டுக்கு முன்னாலேயே நின்றான். பத்தாவது அடிக்குத்தான் பின்னால் வந்தான். 

"லேட்டு கரன்! ரோஸ்ட் ஆயிருவ!" என்று டிரம்ஸ்காரன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கருணா அவர்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

எழுந்து மேடைப் பக்கம் நடந்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் என்று நினைத்தார்கள். ரோஷன் ஓடி வந்து, "அங்கிள், கார்ல ஏசி போட்டு உக்காருங்க" என்றான். 

"நெருப்பு வேணாம்னு சொல்லுப்பா" என்றேன்.

"நெருப்புக்குத்தான் அங்கிள் பாதி டிக்கெட்டு" என்றான்.

பிப்ரவரி 7, வெள்ளி

இது நடந்தது காலை பதினொரு மணிக்கு. சாயங்காலம் உட்கார்ந்து எழுதச் சொல்கிறேன். விமலா அப்போது அடுப்படியில்தான் இருந்தாள். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்திருக்கிறாள். கடைசியில் அவன் எழுந்திருக்கும்வரை ஒரு சத்தமும் வரவில்லை என்கிறாள். வராது.

அவன் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். வாயை மட்டும் அசைத்தேன். குரல் கொடுக்கவில்லை.

"எத்தினி வருசமா கேக்கல?"

அவன் பழக்கத்தில் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டான். "எது?" என்று. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. என் தொண்டையைப் பார்த்தான். தொண்டை அசையவில்லை. முகம் செத்துப் போயிற்று.

அவனும் குரல் இல்லாமல் பேசினான். "ஒம்போது."

"டாக்டரு?"

"வலது காது சுத்தமா போச்சு. இடதுல கொஞ்சம் கீது. இப்டியே சத்தத்துல நின்னா அதுவும் போயிரும்னாரு."

"ரீத்துகிட்ட சொல்லு."

"சொன்னா மேடை போயிரும் நைனா. கேக்காதவன் பாட்டை எவன் கேப்பான்?"

"நாளிக்கி ஷூ போட்டுக்கினு நிக்காத. எரிஞ்சு போவ."

"சமாளிச்சுக்குவேன். டிரம்ஸ்காரன் முழங்கைய பாத்துக்கினே இருப்பேன்."

"முடியாது."

"உனுக்கு இன்னா தெரியும்?"

நாற்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இருந்தேன். எல்லாரும் கேட்டார்கள். அவன் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

எனக்கு 1982-லேயே காது போய்விட்டது. சொன்னால் பட்டறையைக் கூட்டுகிற வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். சம்மட்டி பிடிக்கிறவனுக்கு இருக்கிற மரியாதை போய்விடும். சொல்லவில்லை. இடது உள்ளங்கையைப் பாய்லர்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலது கையால் அடிப்பேன். உள்ளேயிருந்து தட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருடம் ஒரு தட்டுக்கூட நான் விட்டதில்லை. ஆரோக்கியத்துக்கே தெரியாது.

மே பதினேழு அன்று இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று முதலாளி எல்லாருக்கும் கிளவுஸ் வாங்கிக் கொடுத்தார். கனத்த தோல், உள்ளே பஞ்சு. போட்டே ஆக வேண்டும் என்றார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். கழற்று என்று யாரும் சொல்லப் போவதில்லை, ஏன் கழற்றினாய் என்று கேட்டால் என்னால் சொல்லவும் முடியாது.

முதலாளி என்னிடம் வரவே இல்லை. அடி என்றும் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரோடு அந்தக் கோடியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். நான்தான் அடித்துக்கொண்டே இருந்தேன். கை வலித்து நிறுத்தியபோதுதான் கயிறு தொய்ந்து கிடந்ததைப் பார்த்தேன்.

அவனை வெளியே எடுத்த பிறகு நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இரும்பில் புதுப் பள்ளம். மூன்று, மூன்று, மூன்று. ஒன்பது பள்ளம். விரலை வைத்து எண்ணினேன். எண்ணிவிட்டு வெளியே வந்து, முதலாளி நிறுத்த விடவில்லை என்று சொன்னேன். முதலாளியைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் நம்பினார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். கதவோரம் நீ நின்றாய்.

இவ்வளவையும் வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். 

பிறகு எழுந்தான். அப்போதுதான் குரல் வந்தது. அடுப்படியில் விமலா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாளாம், தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்களாம். எனக்கு அது கேட்கவில்லை. வாயைத்தான் பார்த்தேன்.

"இருவத்திரெண்டு வருசம் பாடிக்கினு கீறேன் நைனா! ஊர் ஊரா! அந்தாளு பொண்ணு ஒரு தபா மேடைக்குப் பின்னால வந்து அழுதுச்சு, எங்கப்பா அப்டி இல்ல சார்னு! செக்யூரிட்டிய வுட்டு வெளிய அனுப்பிட்டேன்!"

முதலாளிக்கு ஒரு மகள் இருந்தது எனக்குத் தெரியும். அவள் வந்தது இன்றைக்குத்தான் தெரியும்.

சட்டை கூட மாற்றாமல் வெளியே போய்விட்டான். விமலா என்ன நடந்தது என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சாயங்காலம் டைரியை எடுத்து வா என்றேன். இப்போது இதைச் சொல்லும்போது அவள் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே வருகிறாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதுவதே நல்லது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. 

நேற்றுக் காலை கருணா வந்தான். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. ரோஷனுக்குப் போன் போட்டு விமலா கையில் கொடுத்தான். "நீ பேசு யக்கா. எனுக்குப் போன்ல கேக்கறதில்ல. நெருப்பு கேன்சல், ஷூ கேன்சல், ரப்பரும் எடுத்துரச் சொல்லு. காது விஷயத்தையும் சொல்லிரு." விமலா அழுதுகொண்டே சொன்னாள். ரோஷன் அந்தப் பக்கம் இரண்டு தரம் திருப்பிக் கேட்டானாம். அப்புறம், "ஒம்போது வருசமா நான்தான் லூசுன்னு நெனச்சிட்டிருந்தேன், நான் சொல்றது எதுக்கும் சம்பந்தம் இல்லாம பதில் சொல்றானேன்னு" என்றானாம். ரீத்துவுக்குக் கருணாவே நீளமாக மெசேஜ் அனுப்பினான். மத்தியான விமானத்தில் அவள் வந்து சேர்ந்தாள்.

கச்சேரிக்கு நான் வரட்டுமா என்று விமலாவை விட்டுக் கேட்டேன். வரச் சொன்னான். 

மேடையின் ஓரத்தில் நாற்காலி போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் பாடினான், வெறுங்காலோடு. பாதியில் பாட்டை நிறுத்திவிட்டு, தனக்குக் காது கேட்காது என்று மைக்கில் சொன்னான். கூட்டம் முதலில் சிரித்தது. இனிமேல் இவ்வளவு சத்தத்தில் நிற்க மாட்டேன், வேறு மாதிரி ஏதாவது செய்கிறேன் என்றான். ஒரு பெண் பிள்ளை முன்வரிசையில் இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்கக் கை. தட்டவில்லை, தூக்கி ஆட்டினார்கள்; காது கேட்காதவர்களுக்கு அப்படித்தான் கைதட்டுவார்களாம். கருணா திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான்.

கடைசியில் 'மூணு தட்டு' பாடச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கும் கேட்காது, அவனுக்கும் கேட்காது. ஆனால் அத்தனை வாயும் ஒரே மாதிரி அசைவது தெரியுமே. யாரு காது, யாரு காது. கருணா கித்தாரைக் கழற்றிக் கீழே வைத்தான். "அந்தப் பாட்டு இனிமே கெடையாது. அதுல ஒரு பொய் கீது. ஏழு வயசுல நம்புனத எழுதிட்டேன்" என்றான். யார் சொன்ன பொய் என்று அவன் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இருபதாயிரம் பேர் அதே கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. 

இன்று காலை அவனும் ரீத்துவும் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். வாசல் வரை போனவன் திரும்பி வந்து எனக்கு நேராகக் குனிந்தான். பேசுவான் என்று நினைத்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் பேச வேண்டும் என்று நிற்கிறான். நான் குனிந்து அவன் காலைப் பார்த்தேன். போய்விட்டான்.

சுபாஷினி அம்மா இந்த டைரியை வாங்க நாளை ஆள் அனுப்புகிறார்களாம். மே பதினேழு பற்றி எழுதின பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று விமலா கேட்டாள். என்மேல் இருக்கிற பாசத்தில் கேட்கிறாள். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி பக்கம் ஒன்றே போதுமே நைனா, முன்னாடி சொன்னதே இருக்கட்டுமே என்கிறாள்.

கிழிக்காதே. இரண்டும் இருக்கட்டும். சுபாஷினி அம்மாவின் ஆளை நாளன்றைக்கு வரச் சொல். நாளைக்கு ஆட்டோ பிடி, மணலிக்குப் போக வேண்டும். ஆரோக்கியத்தின் சம்சாரம் ரோசம்மா அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது, காது நன்றாகக் கேட்கும். அவளுக்கும் படிக்கத் தெரியாது. நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படி. நடுவில் நிறுத்தாதே. அவள் என்னைத் திட்டினால் அதையும் இதிலேயே எழுது.

நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன், அவள் வாய் எனக்குத் தெரிகிற மாதிரி.